இர்மா கவிழ்த்துப் பார்க்காத தட்டு

எங்கள் ஊரில் தட்டைக் கவிழ்த்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு இல்லை. லிமோஜ் பீங்கானுக்குப் பேர்போன ஊர்; இங்கே பிறந்தவர் யாராக இருந்தாலும், விருந்துக்குப் போய் மேஜையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தட்டைத் தூக்கி அதன் அடியைப் பார்ப்பார். எந்த ஆலை, எந்த முத்திரை, வெள்ளைத் தட்டைச் சுட்டவன் யார், அதில் பூப் போட்டவன் யார் என்று தெரிந்த பிறகுதான் எங்களுக்குப் பசியே எடுக்கும். பாரிசிலிருந்து வருகிறவர்கள் இதைக் கண்டு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டுமே. அவர்கள் வீட்டில் சாப்பிடும் தட்டும் எங்கள் ஊர்ச் சரக்குதான்.

ஆனால் எதற்கும் ஓர் அளவு வேண்டாமா? நாங்கள் எல்லாம் காலித் தட்டைக் கவிழ்ப்போம். இர்மா ஷப்ரெலிக்குத் தட்டில் என்ன இருக்கிறது என்ற கவலையே கிடையாது.

அவளைப் பற்றிப் பேச என்னைவிட உரிமையுள்ளவர் இந்த ஊரில் இல்லை. மணி முத்திரை ஆலையில் அவளும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். இருவருக்கும் பதின்மூன்று வயது. அவள் முத்திரை அறை, நான் அடுத்த அறையில் பூச்சுத் தொட்டி. முதல் சூட்டில் அரைவேக்காடாக வெந்து வரும் தட்டின் அடியில் அவள் பச்சை மையில் முத்திரை குத்துவாள். நான் அதை வாங்கிப் பூச்சுக் குழம்பில் முக்கி எடுப்பேன். பிறகு அது பெரிய சூளைக்குப் போகும். வெளியே வரும்போது அந்தப் பச்சை, கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும், ஆயுசுக்கும் அழியாது. பூப் போடும் பட்டறைக்காரர்களின் முத்திரை வேறு. அது சிவப்பு, பூச்சுக்கு மேலே இருக்கும், கழுவக் கழுவத் தேயும்.

"பச்சை பெத்தவ, சிவப்பு சிங்காரிச்சவ" என்பாள் இர்மா. "சிங்காரிச்சவ பேரு அழிஞ்சாலும் பெத்தவ பேரு அழியாதுடி பெலிசி."

பெலிசி நான்தான்.

எங்கள் ஆலையின் முத்திரை ஒரு சின்ன மணி. அதன் கீழே லிமோஜ், பிரான்ஸ் என்று இரண்டு சொற்கள். அந்தப் 'பிரான்ஸ்' பிற்பாடு சேர்ந்தது. எந்த நாட்டுச் சரக்கு என்று எழுதாவிட்டால் துறைமுகத்துக்குள் விடமாட்டோம் என்று அமெரிக்காக்காரர்கள் சட்டம் போட்டார்கள். நம் முதலாளிகள் உடனே எழுதிவிட்டார்கள். அதனால் அடியில் 'பிரான்ஸ்' இல்லாத தட்டு என்றால் பெரும்பாலும் பழசு. இர்மா மனிதர்களுக்கும் இதே கணக்கில்தான் வயது சொல்வாள். "அந்தக் கிழவரா? அவரு 'பிரான்ஸ்' எழுதாத காலத்துச் சரக்கு. ஓரத்துல கொஞ்சம் மூளி, மத்தபடி கெட்டி."

இவ்வளவு பேசுகிறவள் முதல் நாள் செய்த காரியத்தைக் கேளுங்கள். ரப்பர் முத்திரையை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாமல், குத்திய மணியை எல்லாம் ஒருபக்கமாகச் சாய்த்துக் குத்தி வைத்தாள். யாரோ கயிற்றைப் பிடித்து இழுத்து அடிப்பது போல ஒவ்வொரு மணியும் இடது பக்கம் சாய்ந்து நின்றது. நானும் புதுசு, எனக்கென்ன தெரியும், வாங்கி வாங்கி முக்கிவிட்டேன். சூளையிலிருந்து வந்த பிறகுதான் மேற்பார்வைக்காரி பார்த்தாள். இர்மாவின் கன்னத்தில் ஒன்று விழுந்தது. என் முதுகில் இரண்டு. தட்டுகளை இரண்டாந்தரம் என்று ஒதுக்கி, வாசலில் வைத்து வந்த விலைக்கு விற்றார்கள். அதற்குப் பிறகு இர்மா ஒரு முத்திரைகூடக் கோணலாகக் குத்தியதில்லை. ஆனால் அன்றையிலிருந்து எந்தத் தட்டைக் கண்டாலும் அவளுக்கு அதன் அடியைப் பார்த்தாக வேண்டும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அதுதான்.

அவள் தங்கையின் முதல் நற்கருணை விருந்தில், பங்குத்தந்தையின் முன்னால் இருந்த தட்டில் சுடச்சுட செர்ரிப் பணியாரம் இருந்தது. எட்டிக் கவிழ்த்துவிட்டாள். செர்ரி அத்தனையும் அந்த நல்ல மனிதரின் மடியில். அவர் ஜெபமும் சொல்லவில்லை, சாபமும் சொல்லவில்லை, எழுந்து குதித்தார். "எந்த ஆலை?" என்று கேட்டார் அவள் அப்பா. அதுதான் எங்கள் ஊர்.

பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் சட்டையில் குழம்போடுதான் திரும்பிப் போனார்கள். கடைசியில் சூளையில் அடுக்கு வேலை பார்த்த ஆந்தொனென் வந்தான். பேசவே தெரியாத ஆள். அவளைத் தன் வீட்டு விருந்துக்கு அழைத்தான். அவன் அம்மா சூப் ஊற்ற வந்தபோது, "இரும்மா" என்று தடுத்து, இர்மாவின் காலித் தட்டை எடுத்துத் திருப்பி, அடிப்பக்கத்தை அவள் முகத்துக்கு நேராகக் காட்டினான். அவள் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் தட்டை வைத்துச் சூப் ஊற்றச் சொன்னான். அந்த வாரமே கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். வாழ்ந்த காலம் முழுக்க அவன் அவளுக்கு அப்படியே காட்டிவிட்டுத்தான் பரிமாறினான். சூளைத் தூசி நெஞ்சில் ஏறி, போன போருக்குப் பின் சில வருஷங்களில் போய்ச் சேர்ந்தான். கல்லறைமேல் வைக்க யாரோ பீங்கான் பூங்கொத்து கொண்டுவந்தார்கள். அத்தனை அழுகைக்கு நடுவிலும் அவள் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். "வேற ஆலைச் சரக்கை அவர் தலைமாட்டுல வைக்க விடுவேனா?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அழுதாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கவிழ்ப்பதோடு நின்றாலும் பரவாயில்லை. பார்த்ததை அப்படியே சொல்லியும் தொலைப்பாள். முத்திரை விஷயத்தில் அவளுக்குப் பொய் வராது. எங்கள் மேலாளரின் மனைவி ஊரையே கூட்டித் தன் கல்யாணச் சீர்த் தட்டுகளைக் காட்டினாள். இர்மா ஒன்றைத் திருப்பினாள். "முத்திரைக்கு மேல ஒரு கீறல் போட்டிருக்காங்களே மதாம், இது இரண்டாந்தரம். யாரோ உங்க தலைல கட்டிட்டாங்க" என்றாள். மேற்பார்வை வேலைக்கு அவள் பெயர் போயிருந்தது, அதோடு சரி.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே மகள், சொலாஞ்ச். ஞானஸ்நானத்தில் நான் கையில் ஏந்திய என் ஞானப்பிள்ளை. செருப்புக் கடையில் வேலை, அழகி, அம்மாவின் வாய் கிடையாது. அவள் போய் யாரைக் காதலித்தாள் தெரியுமா? கறிக்கடைத் தெரு தபார் வீட்டுப் பையன் ரெமியை.

தபார் குடும்பம் என்றால் சும்மா இல்லை. கறிக்கடைத் தெருக்காரர்களுக்கு எங்கள் ஊரில் எப்போதுமே தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும்; ராஜாக்கள் ஊருக்கு வந்தால் வரவேற்கும் உரிமை எங்களுக்குத்தான் என்பார்கள். அப்படி வந்த ஏதோ ஒரு இளவரசர், தபார் வீட்டு முப்பாட்டனின் வரவேற்பில் மகிழ்ந்து, செவ்ர் அரச ஆலையின் சூப்புத் தட்டுகள் ஒரு டஜன் அனுப்பிவைத்தாராம். ராஜாவின் ஆலை என்றால் அடியில் நீல நிறத்தில் இரண்டு 'எல்' எழுத்துகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நிற்கும். அந்தத் தட்டுகள் தபார் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தன. சாவி மதாம் கிளோதில் தபாரின் இடுப்பில். வந்தவர்கள் எல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்.

மதாம் தபாரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. ரெமியின் அக்காவுக்கு வந்த ஒரு சம்பந்தம், மாப்பிள்ளையின் மாமன் குழம்புக் கிண்ணத்தின் அடியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான் என்பதற்காகவே நின்றுபோனது. அந்த வீட்டிலிருந்து இர்மாவுக்கும் எனக்கும் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைப்பு வந்தது. பேச்சு முடித்து நாள் குறிக்கும் விருந்து. சொலாஞ்ச் அன்றிரவு தூங்கவில்லை என்று அவள் கண்ணே சொன்னது.

"அம்மா, உன்னை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அங்க தட்டைத் தொடாதே" என்றாள்.

"தொடாம எப்படிடி சாப்பிடுறது?"

"கவுக்காதே. பாக்காதே. ஒண்ணும் சொல்லாதே. ரெமி இல்லேன்னா நான் செத்துருவேன்மா."

"கறிக்கடைக்காரனுக்காகவா சாவே? கடைல அவன் ஒருத்தனா இருக்கான்?"

"அம்மா!"

அவள் குரல் உடைந்ததும் இர்மா அடங்கிவிட்டாள். பெற்ற மனம் அல்லவா? "சரிடி. உங்கப்பா கல்லறைமேல சத்தியம். அந்த வீட்டுத் தட்டை நான் கவுக்கமாட்டேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பக்கத்துல உக்காந்து என் கையப் பாத்துக்கோ பெலிசி" என்றாள். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியாதா? நான் கனமான செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டேன், மேஜைக்கடியில் உதைக்க வசதியாக.

போய் உட்கார்ந்தோம். மேஜையைப் பார்த்தேன். அலமாரி திறந்து கிடக்கிறது. ராஜாவின் தட்டுகள் எங்கள் முன்னால் இருக்கின்றன! அலமாரியை விட்டு வெளியே வராத தட்டுகளில் மதாம் தபார் எங்களுக்குச் சூப் ஊற்றப் போகிறாள். எதிரே மெஸ்யே இப்போலித் தபார். மாட்டை ஒரே அடியில் சாய்க்கிற மனிதர், ஒவ்வொரு கையும் ஒரு விறகுக்கட்டை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடன்காரன் மாதிரி முழிப்பது சில ஆண்களுக்குச் சுபாவம்.

இர்மா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "குளிருதா மதாம்?" என்று கேட்டாள் மதாம் தபார். ஜூன் மாதம். "ரத்த ஓட்டம்" என்றாள் இர்மா.

முட்டைக்கோசும் பன்றிக்கொழுப்பும் போட்டு வெந்த பிரெஜோத் சூப். கமகமவென்று இருந்தது. சாப்பிட ஒரு கையை மட்டும் வெளியே எடுத்தாள். கரண்டி தட்டின் ஓரத்தில் தட்டும்போதெல்லாம் அவள் உடம்பு சிலிர்த்தது. இரண்டு தடவை அவள் விரல் தட்டின் விளிம்புக்கு அடியில் போயிற்று. இரண்டு தடவையும் உதைத்தேன். மூன்றாவது தடவை ரெமியை உதைத்துவிட்டேன் போலிருக்கிறது, பாவம், அவன் "நன்றி" என்றான். சொலாஞ்ச் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டே சாப்பிட்டாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. சூப் தீர்ந்தது. இனிமேல்தான் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று வருகிறது. தட்டின் அடியில் கொஞ்சம் சூப்பை மிச்சம் வைத்து, அதில் சிவப்பு ஒயினை ஊற்றிச் சுழற்றி, தட்டை இரண்டு கையாலும் தூக்கி வாயில் வைத்துக் குடிப்போம். ஷப்ரோ என்று பேர். எங்கள் ஊர் ஆண்பிள்ளைக்குச் சூப் முடிந்ததும் கை தானாக ஒயின் புட்டிக்குப் போகும். தலையில் என்ன கவலை ஓடினாலும் கை நிற்காது. மெஸ்யே தபாரின் கையும் போயிற்று. ஊற்றினார், சுழற்றினார், தூக்கினார்.

குடிக்கிறவன் முகம் தட்டுக்குள்ளே இருக்கும். தட்டின் அடிப்பக்கம் எதிரே உட்கார்ந்திருப்பவள் முகத்துக்கு நேராக இருக்கும். எதிரே இருந்தவள் இர்மா.

நானும் பார்த்தேன். நீலத்தில் இரண்டு 'எல்', பின்னிக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே தங்கப் பூ ஒன்று இருந்து தேய்ந்துபோன தடம். அந்தத் தடத்துக்குள்ளே, பூச்சுக்கு அடியில், அழியாத பச்சையில், ஒரு மணி. மணி இடது பக்கம் சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது.

இர்மாவின் தொண்டையிலிருந்து விக்கலும் இல்லாமல் இருமலும் இல்லாமல் ஒரு சத்தம் வந்தது. நான் உதைக்க மறந்துபோனேன். ராஜாவின் தட்டாம்! முதல் நாள் வேலையில் இவள் குத்தி, நான் முக்கி, இருவரும் அடி வாங்கிய தட்டு. வாசலில் இரண்டாந்தரமாக விற்றது.

மெஸ்யே தபார் தட்டை இறக்கினார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். அப்போதுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அந்த முரட்டு உதட்டில் ஒயின் வழிய, கண்ணாலேயே கெஞ்சினார். அப்படி ஒரு கெஞ்சலை நான் எந்த ஆணிடமும் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் என்னிடம் கெஞ்சியதே இல்லை என்பது வேறு விஷயம்.

சத்தியம் காப்பாற்றப்பட்டது, தட்டை இவள் கவிழ்க்கவில்லை. வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தால் போதும். தப்பித்தோம் என்று நான் மூச்சு விடும்போது மதாம் தபார் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மதாம் ஷப்ரெலி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க மதாம்."

"எங்க வீட்டுத் தட்டு உங்களுக்கு அவ்வளவு கேவலமாப் போச்சா?"

"ஐயையோ, யாரு சொன்னது?"

"ஊருல எந்த வீட்டுக்குப் போனாலும், குழம்பு கொட்டினாலும் பரவாயில்லைன்னு கவுத்துப் பாக்கறவங்க நீங்க. பாதிரியார் மடியில பணியாரத்தைக் கொட்டினவங்க. ராஜா குடுத்த தட்டை உங்க முன்னாடி வச்சிருக்கேன். ஒரு பார்வை பாக்கல. இது பாக்கவே லாயக்கில்லாத சரக்குன்னு நெனச்சீங்களா?"

பாருங்கள் கூத்தை! எங்கள் ஊரில் தட்டைக் கவிழ்த்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள். கவிழ்க்காமல் விட்டால்தான் அவமானம். இந்தச் சின்ன விஷயம் எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை. சொலாஞ்ச் முகம் தட்டைவிட வெளுத்துவிட்டது. "பாரும்மா" என்றாள்.

இர்மா தன் தட்டை எடுத்தாள். திருப்பினாள். நீல எழுத்து, தேய்ந்த தங்கம், அதன் கீழே மணி. இந்த மணி நேராக இருந்தது. உண்மையைச் சொன்னால் கல்யாணம் போச்சு, எதிரே இருக்கிற மனிதர் மானமும் போச்சு. பொய் சொன்னால் முத்திரை விஷயத்தில் அவள் ஆயுசில் முதல் பொய். இரண்டில் எது அவள் வாயிலிருந்து வரும் என்று அவளுக்கே தெரியாது என்பது அவள் கழுத்து நரம்பில் தெரிந்தது. அவள் சொலாஞ்சைப் பார்த்தாள். பிறகு மெஸ்யே தபாரைப் பார்த்தாள்.

"செவ்ர்" என்றாள். "ராஜாவோட ஆலை. சந்தேகமே இல்லை."

அதோடு நிறுத்தினாளா? பொய் சொல்லிப் பழகாதவளுக்குப் பொய்யில் அளவு தெரியாது. "என்ன நீலம்! என்ன கை! இப்படி ஒரு தட்டை நான் பாத்ததே இல்லை மதாம். இதைப் பதினாறாம் லூயி தன் கையாலயே தொட்டுப் பாத்திருப்பாரு. இதோ இங்க, இந்த ஓரத்துல, அவர் கட்டைவிரல் பட்ட எடம்கூடத் தெரியுது" என்று அவிழ்த்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் சோற்றையே பூசணிக்காயில் மறைத்தாள்.

மெஸ்யே தபாரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. "வெங்காயம்" என்றார். சூப்பில் வெங்காயமே இல்லை. இர்மாவின் குவளையில் ஒயினை வழிய வழிய ஊற்றினார். மதாம் தபார் இர்மாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு கறியைக் கொண்டுவந்து வைத்தாள். செப்டம்பரில் கல்யாணம் என்றாள். சொலாஞ்ச் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். என் காலில் இருந்த செருப்பு அப்போதுதான் கனத்தது.

சாப்பாடு முடிந்து ஆண்களும் சொலாஞ்சும் முன்னறைக்குப் போனார்கள். ராஜாவின் தட்டை வேலைக்காரி கையில் கொடுக்கமாட்டாளாம். மதாம் தபார் தானே கழுவினாள், இர்மா அலசினாள், நான் துணியோடு நின்றேன். கழுவிய தட்டுகளை மேஜைமேல் விரித்த துணியில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள் மதாம். கவிழ்த்து வைத்தால் என்ன ஆகும்? முதுகெல்லாம் மேலே வரும். ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. மேஜை முழுக்கப் பச்சை மணிகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. இர்மா சுவரைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"மதாம் ஷப்ரெலி" என்றாள் மதாம் தபார், கையைத் துடைத்துக்கொண்டே. "பதினாறாம் லூயி கட்டைவிரல் வச்சது இதுல எந்தத் தட்டு?"

இர்மா அலசிய தண்ணீருக்குள் மறுபடியும் கையை விட்டு, இல்லாத தட்டைத் தேடினாள்.

"நான் லிமோஜ்ல பொறந்தவ. எங்கப்பா சூளைக்காரர். வருஷக்கணக்கா இதைத் தொடச்சுத் தொடச்சு உள்ள வைக்கறேன். ஒரு தடவைகூட நான் கவுத்துப் பாத்திருக்கமாட்டேன்னு அந்த மனுஷன் நம்பிக்கிட்டிருக்காரு. ஆம்பளைங்களுக்கு ஆண்டவன் மூளைய எங்க வச்சானோ!"

"உங்களுக்கு... தெரியுமா?" என்றேன் நான்.

"ரெமி பொறந்து எங்கம்மா வீட்டுலேருந்து திரும்பி வந்த அன்னைக்கே தெரியும். அலமாரியத் தொறந்தேன். ராஜா தட்டு பாலேடு நிறம். இது நம்ம ஊரு மண்ணு, சுண்ணாம்பு வெள்ளை. திருப்பினா அடியில ஒரு தங்கப் பூ. எந்த ராஜாவாவது தட்டோட முதுகுல பூ வைப்பானா? நகத்தால சொரண்டினேன். உள்ள மணி."

"கத்தலையா மதாம்?"

"கத்தத்தான் திரும்பினேன். இவர் வாசல்ல நிக்கறாரு, கையில கொழந்தைய வச்சுக்கிட்டு. மாட்டுக்குப் பயப்படாத ஆளு, காலு வெடவெடன்னு நடுங்குது. என் மூஞ்சியவே பாக்கறாரு. ராஜா தட்டை எப்படியோ ஒடச்சுட்டு, எனக்குப் பயந்து ஒரு மனுஷன் வேற தட்டு தேடி அலைஞ்சு, பூப் போட ஆளப் புடிச்சு, ஒரு பொய்யச் சூளையில சுட்டு எடுத்துக்கிட்டு வந்து வச்சிருக்கான். எனக்காக அவன் அவ்வளவு பாடுபட்டு வேற எதையும் செஞ்சதில்ல. அத ஒடைக்க மனசு வரல." மூக்கை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தாள். "உங்க வாயி பத்தி ஊருக்கே தெரியும். இந்தக் கல்யாணம் நடந்தா ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வருவீங்க. என்னைக்காவது ஒரு நாள் பாத்துட்டு அவர் முன்னாடியே போட்டு ஒடைப்பீங்க. அந்த மனுஷன் தாங்கமாட்டாரு. அதான் இன்னைக்கே வெளிய எடுத்து வச்சேன். உண்மையச் சொல்லியிருந்தீங்கன்னா, உங்க பொண்ணு எவ்வளவு நல்ல பொண்ணா இருந்தாலும், வாசலைக் காட்டியிருப்பேன்."

பாம்பின் கால் பாம்பறியும். இர்மா ஈரக்கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.

"இருங்க, இருங்க. இன்னும் ஒண்ணு பாக்கி" என்று மதாம் தபார் வரிசையிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். சாய்ந்த மணி. "மத்ததெல்லாம் ஒழுங்கா இருக்கு. இத மட்டும் பாருங்க. மணியக் கூட நேராக் குத்தத் தெரியாத கழுதை எவன்னு அன்னையிலேருந்து தேடிக்கிட்டிருக்கேன். உங்க ஆலைதானே? யாருன்னு தெரியுமா?"

இர்மா மெல்லக் கையைத் தூக்கினாள்.

மதாம் தபார் அவளைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். பிறகு அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து, முன்னறைக்குக் கேட்காமலிருக்க ஏப்ரனை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அந்தத் தட்டைத் துணியில் சுற்றி இர்மாவின் கையில் வைத்தாள். "உங்க பாவத்தை நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். இர்மா அதை மறுக்கவில்லை. இன்றைக்கும் அது அவள் வீட்டுச் சுவரில், முதுகைக் காட்டிக்கொண்டுதான் தொங்குகிறது.

இரண்டு பெண்களும் ஒரு மனிதரை மறந்துபோனார்கள். அடுத்த வாரம் ஆலை விடும் நேரம். வாசலில் மெஸ்யே தபார் நிற்கிறார், கையில் கஷ்கொட்டையும் பன்றி ரத்தமும் அடைத்துச் சமைத்த குடல், பெரிய பொட்டலமாக. எங்களை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"மதாம், அன்னைக்கு நீங்க என் மானத்தக் காப்பாத்தினீங்க. இன்னொரு தடவை காப்பாத்துங்க. ஒரு தட்டைக் காணோம்!"

"காணோமா?" என்றாள் இர்மா, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு.

"அலமாரில எண்ணிப் பாத்தேன், ஒண்ணு கொறையுது. கிளோதில் இன்னும் கவனிக்கல. கவனிச்சா என் கதி என்ன? ரெமி பொறந்த சமயம், எங்க கறிக்கடைச் சங்கத் திருவிழாவுல குடிச்சுட்டு, மச்சான்மாருங்களுக்குக் காட்டறேன்னு ராஜா தட்டு மொத்தத்தையும் கீழ போட்டு ஒடச்சவன் நான். அவ கொழந்தை பெத்துக்கிட்டிருந்தா. ஒண்ணுகூட மிஞ்சல. உங்க வாசல்ல வாங்கி, ஒரு சிநேகிதனக் கொண்டு பூப் போட்டு வச்சேன். இன்னிவரைக்கும் அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா அவ மனசு ஒடஞ்சுடும் மதாம்!"

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். என் தோள் குலுங்கியதை அவர் அழுகை என்று எடுத்துக்கொண்டு என்னைத் தட்டிக்கொடுத்தார்.

"ஏண்டி, உங்கிட்ட இருக்கறதையே குடுத்துத் தொலையேன்" என்றேன், அவர் போனதும்.

"அது எனக்குச் சம்பந்தி குடுத்தது. தரமாட்டேன்" என்றாள்.

மறுநாள் சூப்புத் தட்டு ஒன்றை எடுத்தாள். முத்திரையை மையில் ஒற்றினாள். அத்தனை வருஷமாக நூல் பிடித்த மாதிரி குத்துகிற கை, தட்டுக்கு மேலே ஒரு கணம் நின்றது, இடது பக்கம் சாய்ந்தது, குத்தியது.

"அடிப் பாவி! கோணலாக் குத்தறியே?"

"நேரா இருந்தா சம்பந்தி அந்தக் கோணலத் தேடுவாடி" என்றாள் இர்மா. "முக்கு."

முக்கினேன். பூப் போட்ட சிநேகிதர் நல்லவேளையாக உயிரோடு இருந்தார். கை நடுக்கத்தில் ரோஜா கொஞ்சம் காலிபிளவர் மாதிரி வந்தது. மெஸ்யே தபாருக்கு அது தெரியவில்லை. அடியில் தங்கத்தை அப்பி, நீல எழுத்தும் போட்டு வாங்கி, மனைவி எப்படியோ சாவியை மறந்து வைத்துவிட்டுப் பூசைக்குப் போன சமயம் பார்த்து அலமாரியில் வைத்துவிட்டார்.

செப்டம்பரில் கல்யாணம். கறிக்கடைத் தெருவின் சின்னக் கோவில் வாசலில் கூட்டம். சொலாஞ்ச் வெள்ளை உடையில் ரெமியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் அழுதேன், சொல்வதற்கு வெட்கமில்லை. மதாம் தபார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக இர்மாவிடம் வந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். மெஸ்யே தபார் அவளுக்குப் பின்னால், புதுக் கோட்டில் திணறிக்கொண்டு நின்றார்.

"புதுத் தங்கத்தைச் சொரண்டிப் பாத்தேன்" என்றாள் மதாம், இர்மாவின் காதோரமாக. "இத்தனை வருஷம் ஆகியும் உங்க கை இன்னும் நேராகலையே சம்பந்தி!"

"என்னது? என்ன சொல்றா?" என்று கேட்டார் மெஸ்யே தபார் பதறிப்போய்.

"ஒண்ணுமில்ல மெஸ்யே" என்றாள் இர்மா. "உங்க தட்டப் பத்திப் பெருமையாச் சொல்றாங்க."

அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! மனைவியின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். அவளும் அவரை நிமிர்ந்து பார்த்து, ஒன்றுமே தெரியாதவள் போல, "ராஜா குடுத்ததாச்சே" என்றாள்.